வேண்டாம் சொல்லும் டிராலி

பிள்ளைகளை உட்கார வைத்தால் போதும், மற்றதை அந்தக் கடையின் டிராலி பார்த்துக்கொள்ளும். அம்மாவின் குரலை ஒரே ஒரு தடவை பதிந்து கொடுக்க வேண்டும். அதன்பிறகு பிள்ளைகள் எதைக் கேட்டாலும் அதே குரலில் டிராலியே மறுத்துவிடும். அம்மா ஆபீஸ் மீட்டிங்கைக் காதில் மாட்டிக்கொண்டு நிம்மதியாகப் பருப்பும் புளியும் எடுக்கலாம்.

வான்மதி குரல் பதிந்த அன்று, மகன் செழியன் கடை வாசலிலேயே புதுச் சட்டையில் ஜூஸைக் கொட்டியிருந்தான். அவனைத் திட்டிய சூட்டோடு பதிந்துவிட்டாள். மாற்ற வேண்டும் என்று வாராவாரம் நினைப்பாள். பிள்ளைகள்தான் சத்தம் காட்டாமல் வருகிறார்களே, பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுவாள்.

இன்று செழியனுக்கு ஐந்து வயது நிறைகிறது. மீட்டிங்கைக் காதிலிருந்து கழற்றிவிட்டு, சாக்லேட் பிஸ்கட் பாக்கெட் ஒன்றை அவனிடம் நீட்டினாள்.

"உனக்குப் பிடிக்கும்ல? வாங்கிக்கலாமாடா?"

அவன் கை நீட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுத் தங்கைதான், "எனக்கு" என்றாள்.

"வை கீழ. ஒரு தடவை சொன்னா மண்டையில ஏறாது?" என்றது டிராலி.

வான்மதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை மாதமாகப் பிள்ளைகள் கேட்டுவந்த தன் குரலை அவள் இன்றுதான் கேட்டாள்.

செழியன் சட்டென்று தங்கையின் வாயைப் பொத்தினான். பழகிய கை அது. பிறகு அம்மாவைப் பார்த்து, தைரியம் சொல்வதுபோல் மெல்லச் சொன்னான்.

"எதுவும் கேக்காம இருந்தா திட்டாதும்மா."