மூணு நாளா நிக்கிற ஆளு

மூணு நாளா அந்த ஆளை நான் நோட்டம் வுட்டுக்கினுதான் இருந்தேன்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல என் செருப்புக் கடை. சாயங்காலம் காஞ்சிபுரம் பஸ் வந்து நின்னா காலேஜ் புள்ளைங்க இறங்கும். உடனே இவன் கிட்டப் போவான். ஐம்பது வயசு இருக்கும். கசங்கின சட்டை, மடிச்சுக் கட்டின லுங்கி. பொம்பளப் புள்ளைங்ககிட்ட மட்டும் ஏதோ கேப்பான். அப்புறம் பையிலேர்ந்து ஒரு குட்டி நோட்டை எடுத்து எழுதுவான்.

“ஃபோன் நம்பர் வாங்குறானா பாய்?” டீக்கடை ஏகாம்பரத்துக்கும் சந்தேகம்.

“வாங்கட்டும். என் கையில சிக்கட்டும், அப்புறம் கீது அவனுக்கு!”

இன்னிக்கி பஸ்லேர்ந்து என் பொண்ணு சனோபர் இறங்கினா. பி.காம். மூணாம் வருஷம். நான் பாத்து சேத்து வுட்ட படிப்பு. ‘சரி அத்தா’ன்னு சேந்தவ, இதுவரைக்கும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல.

அந்த ஆளு நேரா அவகிட்ட போனான். அவளும் நின்னு பேசினா. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம். கடைசில துப்பட்டாவால கண்ணைத் தொடைச்சுக்கினு விறுவிறுன்னு வூட்டுப் பக்கம் நடந்துட்டா. அவன் பாட்டுக்கு நின்னு நோட்டுல எழுதிக்கினு இருந்தான்.

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! ரோட்டைத் தாண்டிப் போயி சட்டையைப் புடிச்சேன்.

“யோவ், யாருய்யா நீ? பொம்பளப் புள்ளைங்ககிட்ட உனக்கு இன்னா பேச்சு?”

“பாய், தப்பா நெனைக்காதீங்க. என் பேரு பெஞ்சமின். சாலவாக்கம். நடவு, அறுப்புன்னு கூலிக்குப் போறவன். எம் பொண்ணு ஷாரோன் பிளஸ் டூ பாஸ் பண்ணிக்கீது. நாளைக்கி காலேஜ்ல சேக்கணும்.”

“அதுக்கு?”

“சொந்தக்காரங்க எல்லாம் நர்சிங்ல போடுன்றாங்க. அது பிசிக்ஸ்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிது. எனக்கு அந்தப் பேரே இப்பதான் தெரியும். ஒரே பேஜாரா கீது பாய். அதான், படிக்கிற புள்ளைங்களையே கேட்டேன்.”

“இன்னான்னு கேட்ட?”

“இந்தப் படிப்பை நீயா எடுத்தியா, வூட்ல சொன்னாங்களாம்மா, இப்ப சந்தோஷமா கீறியான்னு. அவ்ளோதான்.”

“புளுகுறான் பாய்! நோட்டை வாங்கிப் பாரு!” ஏகாம்பரம் அங்கேர்ந்தே கத்தினான்.

கூட்டம் சேந்துடுச்சி. நோட்டைப் புடுங்கிப் பிரிச்சேன். ஃபோன் நம்பர் இல்ல. ஒரு பேரு கூட இல்ல. கோணல்மாணலா எழுத்து.

‘தானா எடுத்தது. கஷ்டமாம். சிரிச்சிக்கினே சொல்லிச்சி.’

‘வூட்ல சொன்னது. பரவால்லன்னுச்சி.’

‘தானா எடுத்தது. ஊருக்குப் போற பஸ்ஸையும் வுட்டுட்டு அரை மணி நேரம் பேசிச்சி.’

எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சி. சட்டையை வுட்டேன்.

“அப்ப, பொண்ணை இன்னாத்துல சேக்கப் போற?”

“பிசிக்ஸ்லதான் பாய். இப்ப ஒரு புள்ள பேசிட்டுப் போச்சே, அது சொன்னதுக்கு அப்புறம் வேற யாரையும் கேக்கத் தோணல.”

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

‘பி.காம். அத்தா சொன்னாராம். ரெண்டு வருஷமா புடிக்காமதான் போவுதாம். புடிச்சிக்கீதான்னு வூட்ல யாரும் கேட்டதே இல்லையாம். அழுதுச்சி.’