முதல் பனி டெஸ்ட்

"நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு டெஸ்ட். வராதவங்க இறுதித் தேர்வு எழுத முடியாது."

சொல்லிவிட்டு, பேராசிரியர் கிராம்பெர்கர் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே அந்த வருடத்தின் முதல் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

மாரிபோர் நகரத்துக்குப் படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் போஹோர்யே மலைக்காகத்தான் வருகிறார்கள். ஆறாம் நம்பர் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அடிவாரம். ஆட்களை மேலே இழுத்துப்போகும் லிஃப்ட் ஓட இன்னும் பத்து நாளாவது ஆகும். அதுவரை யார் காத்திருப்பார்கள்? முதல் பனி விழுந்த மறுநாளே, பனியில் சறுக்கும் ஸ்கீ கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே ஏறிவிடுவார்கள்.

"கிழட்டுப் பென்குவின்!" என்று பல்லைக் கடித்தான் கிளெமென். "போன வருஷமும் முதல் பனிக்கு மறுநாள்தான் டெஸ்ட் வெச்சாராம். அதுக்கு முந்தின வருஷமும் அப்படித்தானாம்."

"அதுக்கு மார்க் எவ்வளவு?" என்றாள் பக்கத்தில் இருந்த தியாஷா.

"எந்த சீனியருக்கும் மார்க் வந்ததே இல்லையாம்."

"மார்க்கே போடாத டெஸ்ட்டை எதுக்குடா வைக்கிறாரு?"

"நாம ஜாலியா இருந்தா அவருக்கு வயிறு எரியுது. வேற என்ன?"

தியாஷாவுக்கு அந்தப் பதில் போதவில்லை. பாலமும் கட்டடமும் கட்டப் படிக்கிற பெண். எதற்கும் ஒரு காரணம் தெரிந்தாக வேண்டும் அவளுக்கு.

மறுநாள் காலை நாற்பது பேரும் கொட்டாவியோடு வந்து உட்கார்ந்தார்கள். கேள்வித்தாளைக் கொடுத்த கையோடு, மேற்பார்வையை உதவிப் பேராசிரியை பாவ்லாவிடம் ஒப்படைத்துவிட்டுக் கிராம்பெர்கர் கிளம்பிவிட்டார்.

பத்து நிமிடம் போயிருக்கும். ஜன்னலோரம் இருந்த கிளெமென், பேனாவால் தியாஷாவின் முதுகில் குத்தினான்.

"ஏய், கீழ பாரு!"

பஸ் நிறுத்தத்தில் கிராம்பெர்கர். தோளில் ஸ்கீ கட்டைகள், முதுகில் பெரிய பை.

"அடப்பாவி மனுஷா! நம்மள இங்க அடைச்சு வெச்சிட்டு, மொத்த மலையும் இவருக்கே வேணுமாம்!"

"அங்க என்ன பேச்சு?" என்றாள் பாவ்லா.

தியாஷா எழுந்தாள். "மேடம், எனக்கு வயிறு வலிக்குது."

"இப்ப வெளிய போனா திரும்ப உள்ள வர முடியாது, டெஸ்ட்டுக்கு வராத கணக்குதான். தெரியுமில்ல?"

தெரியும். இறுதித் தேர்வு போனால் ஒரு வருடம் போச்சு. விடுதி அறையும் கையைவிட்டுப் போய்விடும். ஆனால் ஒரே ஒரு போட்டோ கிடைத்தால் போதும், நேராக டீன் மேசையில் கொண்டுபோய் வைத்துவிடலாம். இனி எந்த வருடமும் இந்த அநியாயம் நடக்காது.

அடுத்த ஆறாம் நம்பரைப் பிடித்தாள்.

மலையில் கணுக்கால் அளவுதான் பனி. அவர் ஏறிப்போன தடம் அப்படியே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் மூச்சிரைக்க ஏறினாள். காட்டைத் தாண்டியதும் சரிவின் நடுவில் அவர் தெரிந்தார்.

மொபைலை எடுத்து 'க்ளிக் க்ளிக்' என்று இரண்டு படம் பிடித்தாள். அப்புறம்தான் கவனித்தாள்.

மனிதர் சறுக்கவே இல்லை. நாலடி இறங்குவார், நிற்பார். கைக்கோலால் பனியைக் குத்துவார். 'டக்' என்று சத்தம் கேட்டால், பையிலிருந்து சிவப்புத் துணி கட்டிய குச்சி ஒன்றை எடுத்து அங்கே நடுவார். மறுபடி நாலடி.

அவருக்கு மேலே சரிவு முழுக்கச் சிவப்பு சிவப்பாகக் குச்சிகள்.

"போட்டோ நல்லா வந்திருக்கா?" என்றார் திரும்பாமலே.

தியாஷாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார்... நான் வந்து..."

"இங்க வா. இதைப் பாரு." பூட்ஸ் காலால் பனியைத் தள்ளினார். நாலு விரல் ஆழத்தில் கூரான பாறை. "மேலேருந்து பாத்தா மெத்தை விரிச்ச மாதிரி இருக்கும். வேகத்துல தெரியவே தெரியாது. சாயங்காலத்துக்குள்ள இந்தச் சரிவை முடிச்சிட்டேன்னா, நாளைக்கு நீங்கல்லாம் தாராளமா வரலாம்."

"அப்ப டெஸ்ட்டு?"

"அதைத் திருத்த எனக்கு நேரம் ஏதும்மா?"

"இதை எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே சார்! கல்லு இருக்கு, இன்னிக்குப் போகாதீங்கன்னு..."

கிராம்பெர்கர் சிரித்தார். வகுப்பில் அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"சொன்னா நின்னிருப்பியா? உன் வயசுல நானே நின்னிருக்க மாட்டேன். 'கல்லு'ன்னு சொன்னா கிளம்பிடுவீங்க. 'பரீட்சை'ன்னு சொன்னாத்தான் உக்காருவீங்க."

தியாஷா இரண்டு படங்களையும் அழித்துவிட்டு மொபைலைப் பைக்குள் போட்டாள்.

"இன்னும் குச்சி இருக்கா சார்?"

"பையில ஒரு கட்டு இருக்கு, எடுத்துக்கோ. பரீட்சையில பாதியில எழுந்து வந்ததுக்கு இதுதான் தண்டனை."

இருவரும் ஆளுக்கொரு பக்கமாகக் குத்திப் பார்த்து, நட்டுக்கொண்டே இறங்கினார்கள். அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"எத்தனை வருஷமா சார் இப்படித் தனியா ஏறி வர்றீங்க?"

"பதினோரு வருஷமா."

"யாரு சார் உங்களை இதைச் செய்யச் சொன்னாங்க?"

அவர் கையிலிருந்த குச்சியைப் பனிக்குள் ஆழமாக இறக்கினார்.

"யாரும் சொல்லல. நான் இதை ஆரம்பிக்கிறதுக்கு முந்தின வருஷம் பசங்க, 'முதல் பனி சார், ஒரே ஒரு நாள் லீவு கொடுங்க'ன்னு கெஞ்சினாங்க. மனசு கேக்காம கொடுத்துட்டேன். முப்பத்தெட்டுப் பேர் மேல வந்தாங்க. சாயங்காலம் முப்பத்தேழு பேர்தான் இறங்கினாங்க."