வாசலில் நின்றவன்

போன ஆடியில் காவிரியில் மூழ்கி இறந்த இளஞ்செழியன், கம்ப்யூட்டரில் ஆடும் குட்டிக் குட்டிப் பேய் விளையாட்டுகளை ஒரு தொகுப்பாகச் செய்து வைத்திருந்தான். "அஞ்சு நிமிசந்தானுங்கப்பா. வெளையாட்டு முடிஞ்சுரும், பயம் மட்டும் கூடவே வரும்," என்பான்.

அப்பா கதிர்வேல் இன்று மதியம்தான் அதைத் திறந்து பார்த்தார். கடைசி விளையாட்டில் பரமத்தி வேலூரில் அவர்கள் குடியிருக்கும் இதே வீட்டை வரைந்திருந்தான். வாசலில் ஒரு பையன் சட்டை சொட்டச் சொட்ட நின்றான். எதை அழுத்தினாலும் கதவைத்தான் தட்டினான். கதவு திறக்கவில்லை.

கதிர்வேலுக்குப் பொறுக்கவில்லை. எழுந்துபோய் வீட்டு வாசற்கதவைத் திறந்தார். வெளியே வெயில் மட்டும்தான் இருந்தது. திரும்பி வந்தால், திரையில் பையனைக் காணோம்.

சமையலறையிலிருந்து மனைவி மஞ்சுளா சத்தம் போட்டாள். "ஏனுங்க, ஈரக்காலோட உள்ள வந்தது ஆருங்க? ஊடெல்லாம் தண்ணி!"

கதிர்வேல் வாசலுக்குப் போனார். அவன் மறுபடி வெளியே போய்விடாதபடி, கதவை மெல்லச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.