நீண்டுவிட்ட நான்காம் இயல்

அந்தத் துறையில் எழுதப்படாத விதி ஒன்று இருந்தது: “படித்தீர்களா?” என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

அன்று ஆய்வு மாணவிக்கு வாய்மொழித் தேர்வு. ‘செயற்கை நுண்ணறிவு தரும் சுருக்கங்களும் பொறுப்பைக் கைகழுவும் மனிதர்களும்’ என்பது அவளது ஆய்வேடு. பட்டம் கிடைத்தால்தான் கல்லூரி வேலை உறுதியாகும்.

“பிரமாதம்மா!” என்றார் புறத்தேர்வாளர். “மனுஷன் யோசிக்கிறத இயந்திரம் எப்படி மழுங்கடிக்குதுன்னு புட்டுப் புட்டு வெச்சிருக்கீங்க. அதுலயும் அந்த நான்காம் இயல் இருக்கே, ஆடிப்போயிட்டேன்!”

மாணவி திடுக்கிட்டு நெறியாளரைப் பார்த்தாள்.

“சும்மாவா சார்? அந்த ஒரு இயலுக்காக நானும் இவளும் மண்டைய உடைச்சுக்கிட்டோம்” என்றார் நெறியாளர் பெருமிதத்துடன்.

“ஒரே குறை, அது கொஞ்சம் நீளம். பாதியாக் குறைக்கிறேன்னு சொல்லுங்க, இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்.”

புறத்தேர்வாளர் பேனா மூடியைக் கழற்றினார். ‘சரின்னு சொல்லித் தொலையேன்’ என்று நெறியாளர் கண்ணைக் காட்டினார்.

“குறைக்க முடியாது சார்.”

“ஏம்மா இவ்வளவு பிடிவாதம்?”

“என் ஆய்வேட்டுல மொத்தமே மூணு இயல்தான் சார். நாலாவது, உங்களுக்குச் சுருக்கிக் கொடுத்த இயந்திரம் எழுதினது.”

நெறியாளர் அவசரமாக ஆய்வேட்டைப் புரட்டினார். ஒட்டியிருந்த புதுத் தாள்கள் பிரிய மறுத்தன.

மாணவி எழுந்து நின்றாள்.

“ரெண்டு பேரையும்தான் கேக்கறேன். படிச்சீங்களா?”