டீன் எழுதாத கடிதங்கள்

“இன்னைக்குப் பரீட்சை இல்லைன்னு எவனோ என் பேருல மெயில் அனுப்பியிருக்கான்! இருநூறு பிள்ளைங்க வரலை!” டீன் கலுவா மேஜையைத் தட்டினார்.

“நம்ம சர்வர் யாரையும் எதுவும் கேக்காது, ஐயா. யார் பேரை வேணும்னாலும் போட்டு அனுப்பலாம்,” என்றாள் தமாண்டா. சோம்பா நகரில் இருக்கும் அந்தக் கல்லூரியிலேயே படித்து, அங்கேயே கணினிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவள்.

“கேக்க வை. இனிமே பாஸ்வேர்டு இல்லாம ஒரு மெயிலும் போகக் கூடாது. அந்தத் திருடனையும் கண்டுபிடி.”

பழைய பதிவுகளைத் துழாவினாள். பரீட்சைப் புரளி ஹாஸ்டல் கணினியிலிருந்து கிளம்பியிருந்தது. மாலைக்குள் சர்வருக்குப் பூட்டும் போட்டுவிட்டாள்.

மறுநாள் காலை பார்த்தால், டீன் பெயரில் அனுப்பப் பார்த்து வேறொரு கணினி ஏழு முறை மூக்குடைபட்டிருந்தது.

டீன் அறை வாசலில் இருக்கும் கணினி. செயலாளர் நாபிரியுடையது! ‘அமாயி’, அதாவது அம்மா, என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள்.

மாணவர்களுக்கு அந்தம்மாவைக் கண்டாலே ஆகாது. “டீனுக்கு நேரமில்லை, கிளம்பு!” என்று வாசலிலேயே விரட்டுவார்.

தமாண்டா விறுவிறுவென்று போய் நின்றாள். “என்ன அமாயி, மெயில் போகலையா?”

நாபிரி திடுக்கிட்டார். திரையை மறைக்க முடியவில்லை.

‘அன்புள்ள மபூம்போ, முதல் வருடம் நானும் இரண்டு பாடத்தில் தோற்றவன்தான். பெட்டியைக் கட்டாதே. இன்னும் ஒரு பருவம் இருந்து பார். இப்படிக்கு, டீன்.’

தமாண்டா அதை மறுபடியும் படித்தாள். ஒன்பது வருடத்துக்கு முன் இதே வரிகள் அவளுக்கும் வந்தன. அதைப் படித்துவிட்டுத்தான் அவள் ஊருக்குப் பஸ் ஏறாமல் இருந்தாள்.

“எனக்கு எழுதினதும்... நீங்கதானா?”

“விரட்டறது என் வேலை, பொண்ணே. அழுதுட்டே போறதுங்களை அப்படியே விட மனசு வரலை. நாபிரி எழுதினா யாரு மதிப்பா?”

தமாண்டா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. டீன்.

“திருடன் கிடைச்சானா?”

“ஹாஸ்டல் கணினி, ஐயா. இனிமே அங்கேருந்து முடியாது.”

“இங்கேருந்து?”

தமாண்டா நகர்ந்து நாபிரியின் திரையை மறைத்து நின்றாள். நாபிரி மெல்ல எழுந்து கைப்பையை எடுத்தார். “நான்தாங்க ஐயா. பன்னண்டு வருஷமா.”

“உக்காருங்க அமாயி. பன்னண்டு வருஷமாத் தெரியும்.” டீன் தமாண்டா பக்கம் திரும்பினார். “என் பேருல அனுப்ப இவங்களுக்கு மட்டும் முறையா அனுமதி போட்டுக் கொடும்மா. இந்த ஊர்ல என்னை நல்ல மனுஷன்னு சொல்றாங்கன்னா, அது இவங்க எழுதினது.”