நடுவே ஒரு வீடு

எங்கள் தெருவின் பழைய வீட்டை மார்த்தா கடல் தாண்டி வந்து வாங்கினாள். தனியாக, அமைதியாக இருக்க வேண்டுமென்று சொந்த ஊரில் இருந்ததையெல்லாம் விற்றுவிட்டு வந்தாளாம். அதைத் தரகரிடம் சொன்னாள், எங்களிடம் சொல்லவில்லை. அந்த வீட்டின் முன்வாசல் எங்கள் தெருவில், பின்வாசல் பஸ் நிற்கும் சாலையில். பூட்டிக் கிடந்த வீடா அது? அவள் வருவதற்கு முன்பிருந்தே நாங்கள் அதன் வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போகிறோம். சுற்றிப் போனால் என்ன வெயில்! அவள் கூடத்தில் புதுத் தரை போட்டாள். நாங்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். மரியாதை தெரியாதவர்களா நாங்கள்? கதவுக்குப் பூட்டுப் போட்டாள். "திற கண்ணு, பஸ் போயிரும்" என்று எங்கள் தெருப் பரிமளக்கா கதவை இடித்த இடியில், சோப்பு நுரையோடு வந்து திறந்துவிட்டாள். கடைசியில் பின்கதவை அடைத்துச் சுவர் எழுப்பக் கொத்தனாரை வரவழைத்தாள். அவரும் அந்த வழியாகத்தான் வந்தார். "சுவர் வெச்சுட்டா நான் எப்படிம்மா வீட்டுக்குப் போறது?" என்று கேட்டுவிட்டு, செங்கல்லை இறக்கி வைத்துப் போய்விட்டார். நேற்று நான் போகும்போது அவள் சாப்பாட்டுத் தட்டோடு கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சுவரோடு சுவராக ஒதுங்கி வழிவிட்டாள். "மன்னிச்சிருங்க" என்றாள், தமிழில். "பரவாயில்லம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.