கைமாறிய பக்கம்

மூன்றாவது தடவையும் அந்த எட்டு விநாடி காணாமல் போயிற்று.

சோதனை அறை மேசையில் ஒரு மானிட்டர் இருந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையருகே நின்று நாடித்துடிப்பைக் காட்டும் மெஷின். ஆறாம் படுக்கைக்காரரின் பதிவை அதில் ஓட்டிக்கொண்டிருந்தாள் பொறியாளர். பதிவில் இதயம் எட்டு விநாடி நின்று, பிறகு தானாகவே துடிக்கத் தொடங்குகிறது. அந்த இடத்தில் மெஷின் மணியடிக்க வேண்டும். கல்லுளிமங்கன் மாதிரி கம்மென்று இருந்தது.

இருபது நிமிடம் கழித்து இதயம் மறுபடி நின்றபோது ஒழுங்காக அடித்தது. ஆனால் அன்று ஆஸ்பத்திரியில் அதற்குள் எல்லாம் கைமீறிப் போயிருந்தது.

முதல் மணி அடித்திருக்கும், பணியிலிருந்த நர்ஸ்தான் கவனிக்காமல் விட்டுவிட்டாள் என்பது புகார். மணி அடிக்கவே இல்லை என்பது நர்ஸின் ஒரே பதில். நாளை காலை விசாரணை. வேலை போவது ஏறக்குறைய உறுதி.

நர்ஸ் சொன்னதைப் பொறியாளரும் நம்பவில்லை. அது பொய் என்று காட்டுவதற்காகத்தான் ஆஸ்பத்திரிக்கு நடையாக நடந்து, நாலு பேரிடம் கெஞ்சி, பதிவைப் பென் டிரைவில் வாங்கி வந்திருந்தாள். மெஷினுக்குள் ஓடும் நிரல்களுக்கெல்லாம் நாட்டாமையான கெர்னல் அவள் எழுதியது. அது தப்புச் செய்யாது என்பதில் அவளுக்கு அப்படியொரு திமிர்.

உள்ளே இரண்டு நிரல்கள். ஒன்று துடிப்புகளைப் பக்கம் பக்கமாக எழுதும். மற்றது படித்துப் பார்த்து, ஆபத்தென்றால் மணியடிக்கும். முன்பெல்லாம் கெர்னல் ஒவ்வொரு பக்கத்தையும் நகலெடுத்துத்தான் படிப்பவனிடம் கொடுத்துக்கொண்டிருந்தது. அதை ஒழித்தவள் அவள்தான். நகல் எதற்கு, எழுதிய பக்கத்தையே கைமாற்றிவிடலாமே. மெஷின் பிய்த்துக்கொண்டு ஓடியது. மேலாளர் கேக் வெட்டினார். மைக்ரோ விநாடியைக்கூட முந்தானையில் முடிந்துகொள்கிறவள் என்று அவளுக்குக் கஞ்சப்பிசினாரி பட்டமும் கிடைத்தது.

பக்கத்தைக் கைமாற்றினால், எழுதிக் கொடுத்தவனிடமிருந்து எழுதும் உரிமையைப் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கவும் நேரமாகும். ஒவ்வொன்றாக எதற்கு, இருபது பக்கம் சேரட்டும், மொத்தமாகப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று அவள் எழுதிவைத்திருந்தாள். அதுவரை கொடுத்தவன் அதைத் தொடமாட்டான் என்று ஒரு நினைப்பு.

தொட்டிருக்கிறான்.

வெற்றுப் பக்கம் கிடைக்காத ஒரு நெருக்கடியில், கொடுத்துவிட்ட பக்கத்தின் மேலேயே அடுத்த துடிப்புகளை எழுதியிருக்கிறான். படிப்பவன் சற்றுப் பிந்தி வந்து பார்த்தபோது, இதயம் நின்ற எட்டு விநாடி அங்கே இல்லை. நல்ல துடிப்பு இருந்தது. தனியாகச் சேமித்துவைத்த பதிவில் மட்டும் உண்மை தப்பிக் கிடந்தது.

கொடுத்த கையோடு உரிமையைப் பிடுங்கும்படி அந்த ஒரு வரியை மாற்றிவிட்டு, நான்காவது தடவை ஓட்டினாள்.

மணி அலறியது. எதிர் மேசையில் மதியச் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்த சோதனைப் பிரிவுக்காரர் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார்.

"யப்பா, செத்தவங்களே எழுந்து உட்கார்ந்துருவாங்க போலிருக்கே!" என்றவர், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் காதில் அது விழவில்லை. மூன்று வாரமாக அந்த நர்ஸை மனதுக்குள் அவள் திட்டாத திட்டில்லை. நர்ஸோ அவள் பாட்டுக்கு உண்மையைச் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறாள், பாவி மகள்.

பென் டிரைவைப் பைக்குள் போட்டுக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு நிமிடம் அதையும் யோசித்தாள். பொய் சொல்வானேன், இரண்டு நிமிடம் யோசித்தாள்.

பிறகு பிழை அறிக்கையைத் திறந்து, வரியின் எண்ணையும், எழுதியவர் என்ற இடத்தில் தன் பெயரையும் போட்டு அனுப்பினாள். அது மேலே போய், கூட்டம் கூடி, பேசி, வெளியே வர மாதக்கணக்காகும். நர்ஸுக்கு நாளை காலை வரைதான் நேரம்.

ஆஸ்பத்திரி அலுவலகத்துக்குப் போன் போட்டாள். மானிட்டர் கம்பெனியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, மணி அடிக்காதது மெஷினின் கோளாறுதான் என்றாள். ஆறாம் படுக்கைப் புகாரை இன்றைக்கே வாபஸ் வாங்க வேண்டும் என்றாள்.

"கம்பெனிக்காரங்க சொன்னா ஆகாதும்மா. புகார் கொடுத்தவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்" என்றார் அங்கிருந்தவர்.

நாற்காலியிலிருந்து எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான்தாங்க கொடுத்தேன்" என்றாள். "ஆறாம் படுக்கையில இருந்தவரு எங்கப்பா."